ஒரு சொட்டு பெட்ரோல் விட மாட்டேன்

டேங்க் மூடியின் மேல் பிளாஸ்டிக் தாளை மூன்றாவது சுற்று சுற்றும்போது லிஃப்ட்காரருக்குப் பல் வலிக்க ஆரம்பித்தது. வலது கை தோளோடு சேர்த்துக் கட்டுப்போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடது கையால் தாளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தால் பல் வலிக்காமல் என்ன செய்யும்?

"என்னங்க பண்றீங்க?" ஷெட் வாசலில் மனைவி நின்றாள்.

"வண்டிய நிறுத்தி வெக்கிறேன்."

"வண்டி நின்னுட்டுத்தானே இருக்கு?"

"நிக்கிறது வேற, நிறுத்தி வெக்கிறது வேற. உனக்குச் சொன்னா புரியாது."

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அந்தக் குடியிருப்பில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்காரர்களுக்கும் அவர் பெயர் மறந்துபோய் லிஃப்ட்காரர் என்பதே நிலைத்துவிட்டது. மனைவி தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் தாம் உண்டு, தம் வேலை உண்டு என்று ஒழுங்காகத்தான் இருந்தார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கார் வருகிற வரை.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு. தரைக்கு நாலு விரல் உயரத்தில் பதுங்கியபடி நிற்கும். சாவியைத் திருப்பினால் மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். அது எத்தனாலில் ஓடுகிற கார். பெட்ரோலிலும் ஓடும் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் லிஃப்ட்காரர் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி வைத்திருந்தார்.

"எத்தனால்ல போனா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். பெட்ரோல்ல போனா வெறும் டாக்ஸி" என்பார்.

"ரெண்டு மாதிரியும் ஓட்டிப் பாத்தீங்களா?" என்று யாராவது கேட்டால், "பாக்கணும்னு அவசியமே இல்ல, உடம்புக்குத் தெரியும்" என்பார்.

இப்போது அந்த உடம்புக்குத்தான் வந்தது வினை. தோள்பட்டையில் ஆபரேஷன். நாலு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலு மாதம் கார் சும்மா நிற்க வேண்டும். எத்தனாலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா வைத்தால் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய தண்ணீர் டேங்க்கின் அடியில் போய்த் தங்கும். அப்புறம் துரு, அடைப்பு, எல்லாம் வரிசையாக வரும்.

மெக்கானிக்கிடம் போனில் கேட்டபோது அவன் ரொம்பச் சுலபமாகச் சொன்னான்: "இருக்கறத எடுத்துட்டு ஒரு டேங்க் பெட்ரோல் போட்டுடுங்க சார். பத்து நிமிஷம் இன்ஜின ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க. நாலு மாசம் என்ன, எட்டு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

"முடியாது."

"ஏன் சார்?"

"என் வண்டிக்குள்ள ஒரு சொட்டு பெட்ரோல் விட மாட்டேன்."

"சார், அது ஒண்ணும் விஷம் இல்ல சார்..."

"எனக்கு மெஷினப் பத்திச் சொல்லித் தர்றியா? நான் ஏத்தி இறக்காத ஆள் இந்த ஊர்ல கிடையாது. போன வைடா!"

இதையெல்லாம் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இப்போது ஷெட்டுக்குள் வந்து, டேங்க் மூடியில் சுற்றியிருந்த தாளைத் தட்டிப் பார்த்தாள். காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

"இங்க பாருங்க. எங்க கடையில ஸ்பிரிட் பாட்டில் இருக்கு. மூடி சரியில்லன்னா ஒரே வாரத்துல வீணாப் போயிடும். நீங்க என்னதான் சுத்தினாலும் நாலு மாசம் தாங்காது. பெட்ரோல் போட்டுட்டு நிம்மதியா வந்து படுங்க."

"முடியாது."

"நீங்க ஊத்தற எத்தனால்லயே நூத்துக்குப் பதினஞ்சு பங்கு பெட்ரோல் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது கம்பெனி கலந்தது. நான் கலந்தது இல்ல."

மனைவி அவரைப் பார்த்தாள். மருந்துச் சீட்டில் கையெழுத்து புரியாதபோது பார்க்கிற அதே பார்வை.

"சரி. அப்ப ஒண்ணு பண்ணுவோம். டாக்டர் சரின்னு சொன்ன அன்னிக்கு நீங்க சாவியத் திருப்புங்க. ஒரே ஒரு தடவ. வண்டி கிளம்பிச்சுன்னா அது உங்களோடது, இனிமே அதப்பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். கிளம்பலன்னா என் தம்பிக்குக் குடுத்துடணும். ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கான். இந்த ஷெட்டு என் மருந்துப் பெட்டிங்களுக்கு."

"ஒரே தடவையா?"

"ஒரே தடவ."

கை வலி, பல் வலி எல்லாவற்றையும் தாண்டி லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எழுதி வெச்சுக்கோ" என்றார்.

மறுநாள் காலையில் மச்சான் வந்துவிட்டான். நல்ல பையன்தான். முப்பத்தைந்து வயது, நெடுநெடுவென்று உயரம். ஆனால் அன்றைக்கு லிஃப்ட்காரர் ஷெட்டுக்குப் போனபோது அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"சும்மா உக்காந்து பாத்தேன் மாமா. உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"சாகல. இறங்கு."

"வாரத்துக்கு ஒரு தடவ நான் வேணா ஓட்டிக் குடுக்கட்டுமா மாமா? வண்டிக்கும் நல்லது."

"நீ ஓட்டினா ஸ்டியரிங் மட்டும்தான் திரும்பி வரும். இறங்குடா."

ஆனால் மச்சானை முழுசாகத் துரத்தவும் முடியவில்லை. ராத்திரி பூரா யோசித்ததில் லிஃப்ட்காரருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. டேங்க்கில் பாதிதான் எத்தனால் இருக்கிறது. மீதிப் பாதி காற்று. அந்தக் காற்றில்தானே ஈரம்? டேங்க்கைத் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டால் காற்றுக்கு இடமேது? எத்தனால் கிடைக்கிற பங்க் ஊருக்கு வெளியே ஒன்றே ஒன்றுதான். போய் வர ஆள் வேண்டும்.

"உன் வண்டில போய் ரெண்டு கேன் எத்தனால் வாங்கிட்டு வா. பச்சைப் பம்புல போடச் சொல்லு. பெட்ரோல் பம்புப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத."

மச்சான் சொன்னபடியே வாங்கி வந்தான். அடுத்தவருக்குச் செலவு செய்கிறோம் என்கிற நினைப்பே இல்லை, எப்படியும் தனக்கு வரப்போகிற கார்தானே என்று உற்சாகமாகச் செய்தான். கஷ்டப்பட்டுச் சுற்றிய தாளையெல்லாம் பிரித்து, ஊற்றி, மறுபடி சுற்றினார்கள். டேங்க் நிறைந்தது. ஒரு கேனில் முக்கால்வாசி மிச்சம் ஆனது.

அங்கேதான் தப்பு நடந்தது. லிஃப்ட்காரர் எதையும் பெயர் எழுதாமல் வைக்க மாட்டார். அவருடைய ஸ்க்ரூ டப்பாக்களில்கூட அளவு எழுதி ஒட்டியிருக்கும். மிச்சக் கேனை மாடிப்படி அடியில் வைத்து, அதன் மேல் கொட்டை எழுத்தில் 'எத்தனால்' என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் புரியாமல் போய்விடுமோ என்று கீழே 'அதாவது ஆல்கஹால்' என்றும் எழுதிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி போய்விட்டது. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகாமல் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்.

முதலில் வந்தவர் இரண்டாம் மாடித் தையல்காரர். கையில் காலி பாட்டில்.

"சும்மா ஒரு அரை பாட்டில் குடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"யோவ், அது காருக்கு ஊத்தறதுய்யா! குடிச்சா ஆளே போயிடுவ!"

"எல்லாரும் ஆரம்பத்துல அப்படித்தான் சொல்வாங்க" என்று தையல்காரர் கண்ணடித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். எதிரில் வருகிற யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாதவர் என்கிற முகத்தோடுதான் பார்ப்பார். படிக்கட்டு அடியில் குனிந்து கேனை முகர்ந்தார்.

"ம்ம்... சாராய வாசனை மண்டைக்கு ஏறுது."

"சார், அது..."

"என் சம்சாரத்துக்கு ரெண்டு நாளா தலைசுத்தல். காரணம் இப்பதான் தெரியுது."

"கேன் வந்தே நாலு மணி நேரம்தான் சார் ஆகுது!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. படிக்கட்டுல இது இருக்கக் கூடாது. ஷெட்டுல வை. ஷெட்டு ஜன்னல், கதவு ரெண்டும் பகல் பூரா திறந்தே இருக்கணும். இந்த வாசனை வெளிய போகணும்."

"முடியாது சார். திறந்தா ஈரக் காத்து உள்ள வரும்."

"அப்ப கேனை நான் போலீஸ்ல குடுத்துடறேன்."

ஜன்னல் திறந்தது. வெளியே பார்த்தால் வானம் இருட்டிக்கொண்டு மழைக்காலம் ஆரம்பம்.

ஈரத்தை எப்படி விரட்டுவது? இரண்டு நாள் ஷெட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தவருக்குப் பதில் மனைவியின் கைப்பையிலேயே கிடைத்தது. மாத்திரை டப்பாவுக்குள் குட்டியாக ஒரு பொட்டலம் போட்டிருப்பார்கள் இல்லையா? அந்தப் பொட்டலம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் எத்தனை டப்பா! எத்தனை பொட்டலம்! மத்தியானம் மனைவி சாப்பிட வந்த நேரத்தில் கடைக்குப் போய், 'கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன்' என்று வேலை செய்கிற பெண்ணை அனுப்பிவிட்டு, டப்பா டப்பாவாகத் திறந்து இருநூறு பொட்டலத்தை எடுத்துவந்துவிட்டார். காரின் சீட்டுக்கு அடியில், டிக்கியில், டேங்க் மூடியைச் சுற்றி மாலை மாதிரி எல்லா இடத்திலும் தொங்கவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மனைவி புயல் மாதிரி ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

"கடையில மாத்திரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டியா இருக்கு! ஒருத்தர் வந்து, 'இத முழுங்கறதா, சப்பறதா'ன்னு கேக்கறார்! பொட்டலமெல்லாம் எங்க?"

காரின் கண்ணாடியில் தொங்கிய பொட்டலங்கள் காற்றில் ஆடின.

"மனுஷங்களுக்கு மருந்து முக்கியமா, இந்தத் தகரத்துக்கு ஈரம் முக்கியமா?"

"தகரம்னு சொல்லாத."

"சொல்லுவேன். தகரம், தகரம், தகரம்!"

பொட்டலங்கள் கடைக்குத் திரும்பிப் போயின. ஆனால் லிஃப்ட்காரர் அடங்குகிற ஆள் இல்லை. மழை வலுக்க வலுக்க அவருக்குப் பிடிவாதமும் வலுத்தது. பழைய சாமான் கடையிலிருந்து ஈரம் உறிஞ்சுகிற மின்சார மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். மச்சான்தான் தூக்கி வந்தான். சின்ன பீரோ அளவுக்கு இருந்தது.

"மாமா, இந்த ஷெட்டு ஒயர் இதைத் தாங்குமா?"

"நான் யாருன்னு நெனச்ச? ஒயர்தான் எனக்குச் சோறு போடுது. சொருகுடா."

சொருகினான். மெஷின் ஒரு தடவை உறுமியது. 'டப்' என்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. ஷெட் விளக்கு அணைந்தது. எட்டு வீட்டு விளக்கும் அணைந்தது. மெயின் போர்டிலிருந்து புகை வந்தது. அதைவிடப் பெரிய சத்தம் லிஃப்டிலிருந்து வந்தது.

"யாருய்யா அங்க! திறங்கய்யா!"

செகரட்டரி. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்.

லிஃப்ட்காரர் இரண்டாம் மாடிக்கு ஓடிப்போய்க் கதவு இடுக்கில் வாயை வைத்தார்.

"பயப்படாதீங்க சார், நான் இருக்கேன்."

"நீ இருக்கறதாலதான்யா எனக்குப் பயமா இருக்கு! கரண்ட் எப்படிப் போச்சு?"

"அத... அப்பறம் பேசிக்கலாம் சார். மேல மெஷின் ரூம்ல இருந்து கையால இறக்கிடறேன்."

மேலே போனால் அங்கே இன்னொரு சிக்கல். ஒரு கையால் பிரேக்கை விடுவிக்க வேண்டும், இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரே கை. பிரேக்கை அவர் பிடித்துக்கொண்டார். சக்கரத்துக்கு மச்சான்.

"எந்தப் பக்கம் சுத்தணும் மாமா?"

"இந்தப் பக்கம்."

"எந்த இந்தப் பக்கம்?"

"உன் கை இருக்கற பக்கம்!"

"ரெண்டு பக்கமும் கை இருக்கு மாமா!"

மச்சான் தனக்குத் தோன்றின பக்கம் பலம் கொண்ட மட்டும் சுற்றினான். கீழேயிருந்து செகரட்டரியின் குரல் மெதுவாக நெருங்கி வந்தது.

"யோவ்! நான் மேல வந்துட்டிருக்கேன்யா!"

"மாத்திச் சுத்துடா!"

"ஐயோ, இப்ப கீழ போறேன்! வேகமாப் போறேன்!"

ஒன்றே கால் மணி நேரத்தில் செகரட்டரி மூன்று தடவை மேலும் கீழுமாகப் போய் வந்து, கடைசியில் தரைத்தளத்துக்கு ஒரு முழம் மேலே இறக்கிவிடப்பட்டார். குதித்து இறங்கினவர் நேராகப் போய் அறிவிப்புப் பலகையில் எழுதினார்: 'ஞாயிறு காலை பத்து மணி. அவசரக் கூட்டம்.'

கூட்டத்தில் எட்டு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜ் போயிருந்தது. இன்னொரு வீட்டு அம்மாவுக்கு எத்தனால் வாசனையில் இருமல். தையல்காரர் மட்டும், 'கேனை ஒரேயடியா தடை பண்ண வேண்டாம், பொதுவுல வெச்சுக்கலாம்' என்று சொல்லிப் பார்த்தார்.

செகரட்டரி எழுந்தார். "அந்த மெஷின் இனிமே இங்க ஓடக் கூடாது. அந்தக் காரு இங்க நிக்கவே கூடாது."

"முடியாது" என்றார் லிஃப்ட்காரர்.

"எதுய்யா முடியாது?"

"எல்லாம்தான். என்ன தப்பு பண்ணிட்டேன் நான்? குடிச்சேனா? அடுத்தவன் வீட்ல புகுந்தேனா? இருபத்திரெண்டு வருஷமா உங்களையெல்லாம் ஏத்தி இறக்கிட்டிருக்கேன். ஒரு நாள் லிஃப்டு நின்னதுக்கு இவ்வளவு பேசறீங்களே, நிக்காம ஓடின நாளெல்லாம் யாராவது வந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்களா? எனக்குன்னு நான் ஆசப்பட்டது இந்த ஒரு வண்டிதான். அதுக்கு எத்தனால்தான் ஊத்துவேன். அது இந்த ஷெட்டுலதான் நிக்கும். நாலு மாசம் கழிச்சு ஒரே சாவியில கிளம்பும். கிளம்பலன்னா ஷெட்டே எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்குங்க!"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஷெட் அவளுக்கு என்று பேசியிருந்தது. அதை இந்த மனுஷன் இப்போது எட்டு வீட்டுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"எழுதிக்கோங்கய்யா" என்றார் செகரட்டரி.

அப்புறம் மெஷின் இல்லை, பொட்டலம் இல்லை, ஜன்னலும் பகலெல்லாம் திறந்தே கிடந்தது. லிஃப்ட்காரரிடம் மிச்சம் இருந்தது வைராக்கியம் ஒன்றுதான். காரின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், ஐ.சி.யூ. நோயாளி மாதிரி சார்ஜரில் போட்டுத் தன் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது என்று தினமும் காலையில் இடுப்பால் முட்டி முட்டி காரை ஒரு சாண் முன்னால் தள்ளுவார், மறுநாள் ஒரு சாண் பின்னால். மழைச் சாரல் அடித்தால் குடையை டேங்க் மூடிக்குப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு நிற்பார்.

"உங்களுக்கு ஜுரம் வந்தா எந்த டேங்க்ல மருந்து ஊத்தறது?" என்று மனைவி கத்துவாள். கத்திவிட்டுத் துண்டும் கொண்டு வந்து கொடுப்பாள்.

வாரத்துக்கு ஒரு நாள் சோதனை. டேங்க்கிலிருந்து மெல்லிய குழாய் போட்டு, மருந்துக்கடைக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் சேர்ந்திருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து ஒரு கோடு தெரியும் என்று படித்திருந்தார். ஒரு வாரம் பார்த்தார், கோடு இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் பார்த்தார், பாட்டில் பளிங்கு மாதிரி இருந்தது.

"வா, வந்து பாரு! ஒரு கோடு இருக்கா? ஒரே ஒரு கோடு?"

மனைவி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "ஆச்சரியமாத்தான் இருக்கு. எங்க கடை ஸ்பிரிட் இந்த மழைக்கு இப்படி நிக்காது."

"உங்க கடையில அதுக்குக் குடை பிடிக்க ஆள் இல்ல."

மூன்றாவது மாதம் முடிவதற்குள் செய்தி பரவி, ஆட்களே வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். செகரட்டரிகூட ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து, பாட்டிலை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மச்சான் முகம் மட்டும் வாரத்துக்கு வாரம் வாடியது.

நாலு மாதம் முடிந்தது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், சுற்றச் சொன்னார், 'சரி, ஓட்டுங்க' என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஷெட் முன்னால் எட்டு வீடும் கூடியிருந்தது. செகரட்டரி ஷெட்டின் நீள அகலத்தை அளக்க டேப்பும் கையுமாக வந்திருந்தார். மச்சான் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். லிஃப்ட்காரர் பேட்டரியை மாட்டினார். டேங்க் மூடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தார். பிரிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

"ஒரே தடவ" என்றார் செகரட்டரி.

"தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தையல்காரர்தான் முதலில் கை தட்டினார். செகரட்டரி பின்னால் துள்ளியதில் டேப் கையிலிருந்து நழுவி விழுந்தது. லிஃப்ட்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன சொன்னீங்க எல்லாரும்? தாங்காதுன்னீங்க! துருப்பிடிக்கும்னீங்க! பெட்ரோல் ஊத்துன்னீங்க! நாலு மாசம், நாலு மழை! ஒரே சாவி! இனிமே இந்தக் குடியிருப்புல எவனாவது எத்தனாலப் பத்தி ஒரு வார்த்த பேசுங்க பாப்போம்!"

செகரட்டரி கீழே கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

மனைவி காரைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் தானாக வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சரிங்க. நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். இனிமே வாய திறக்க மாட்டேன். வாங்க, ஒரு ரவுண்டு போலாம்."

மச்சான் பின்னால் இருந்த இடுக்கில் முழங்காலைக் காதோடு வைத்து அடைந்துகொண்டான். ஊருக்கு வெளியே பங்க் வரைக்கும் லிஃப்ட்காரர் பறந்தார். மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, முதுகு ஒட்டுதா?"

"ஒட்டுது, ஒட்டுது."

"இதுதான் எத்தனால். அந்த மெக்கானிக் சொன்ன மாதிரி பெட்ரோல் ஊத்தி நிறுத்தியிருந்தேன்னு வை, இந்நேரம் இது பழைய இரும்புக்குப் போயிருக்கும்."

"நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காத வாக்கியம் அது.

பங்க்கில் பெயர்ப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்துப் பச்சைப் பம்பு முன்னால் காரை நிறுத்தினார். தொப்பி போட்ட பங்க் ஊழியர் அவரைப் பார்த்ததும் ஓடி வந்தார். அந்தப் பம்புக்கு வழக்கமாக வருகிற ஒரே ஆள் அவர்தான்.

"வாங்க சார், வாங்க! நாலு மாசமா ஆளையே காணோமே?"

லிஃப்ட்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி காதிலும் பின்னால் மடங்கிக் கிடந்த மச்சான் காதிலும் நன்றாக விழுகிற மாதிரி சொன்னார்.

"எத்தனால்! ஃபுல்!"

ஊழியருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தோளில் கிடந்த துணியால் பம்பைப் பாசமாகத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"சரியான நாள் பாத்து வந்தீங்க சார், இத்தன வருஷமா பழைய முதலாளி இந்தப் பம்புலயும் சாதா பெட்ரோலத்தான் விடச் சொல்லிட்டிருந்தாரு, புது முதலாளி வந்து இன்னிக்குக் காலையிலதான் மொதல் தடவையா நெஜ எத்தனால் இறக்கியிருக்காரு, ஊத்தட்டுமா?"